நெற்பயிரின் உயரத்தைக் கணக்கிட்ட கீழக்கரை மைந்தர் கே. இராமையா

பொத்துவிலில் பெரும்போக விதைப்புக் காலம் நெருங்கும்போது, வயற்காரர்கள் தேநீர்க் கடையிலும் பள்ளிவாசல் முன்றலிலும் ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்ளும் முதல் விடயம், இம்முறை எத்தனை மாத நெல் விதைப்பது என்பதாகும். மூன்று மாத நெல்லா, மூன்றரை மாத நெல்லா என்ற இந்தத் தெரிவு வெளியிலிருந்து பார்ப்போருக்குச் சிறியதாகத் தோன்றலாம். ஆனால் சம்மாந்துறை, கல்முனை, அக்கரைப்பற்று வயல்களுக்குக் கல்லோயாத் திட்டத்தின் வாய்க்கால் நீர் கிடைப்பது போன்று பொத்துவில் வயல்களுக்குக் கிடைப்பதில்லை. சிறு குளங்களையும் வடகீழ்ப் பருவமழையையும் நம்பியே இங்குள்ள கண்டங்கள் பெரும்பாலும் விதைக்கப்படுகின்றன. மழை முந்தி ஓய்ந்துவிட்டால் நீண்டகால நெல் குடலைப் பருவத்திலேயே வாடிவிடும். தை மாதத்தில் அடைமழை பெய்தால் உயர்ந்து வளர்ந்த நெல் சாய்ந்து சேற்றோடு சேர்ந்துவிடும். ஒரு குடும்பத்தின் ஓராண்டுச் சோறும், பட்ட கடனை அடைக்கும் வழியும் இத்தெரிவிலேயே தங்கியுள்ளன.

மழையால் விளைந்த தானியத்துக்குப் பத்திலொரு பங்கும், உழைத்து நீரிறைத்து விளைவித்த தானியத்துக்கு இருபதிலொரு பங்கும் ஸகாத் என வகுத்த மார்க்கத்தைப் பின்பற்றும் சமூகத்துக்கு, நீர் வரும் வழி மாறினால் பயிரின் கணக்கும் மாறும் என்பது புதிய செய்தியன்று. நீருக்கேற்ப நெல்லும் மாறவேண்டும் என்பதையும் நம் முன்னோர் அனுபவத்தால் அறிந்திருந்தனர். அந்த அனுபவத்தை அளவுகோலாலும் கணக்காலும் ஆராய்ந்து, நெல்லின் உயரமும் வயதும் பரம்பரையாக எவ்வாறு கடத்தப்படுகின்றன என்பதை விளக்கிய முன்னோடிகளுள் ஒருவர் தமிழகத்தின் கீழக்கரையில் பிறந்தவர். அவரே கே. இராமையா. நெல் ஆராய்ச்சி உலகம் மதித்துப் போற்றிய அப்பெயர் நம் கரையோரத்தில் அதிகம் பேசப்படுவதில்லை.

கீழக்கரையிலிருந்து கோயம்புத்தூருக்கு

கிருஷ்ணசாமி இராமையா 1892ஆம் ஆண்டு பிறந்தார். கீழக்கரை நமக்கு அந்நியமான ஊரன்று. முத்துக்குளிப்பும் கப்பல் வணிகமும் இலங்கையோடு இணைத்திருந்த அவ்வூர், மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் வாழ்ந்து மறைந்த ஊருமாகும். அப்பெரியார் 1898இல் காலமானபோது இராமையா சிறு பிள்ளை. கடலை நோக்கிய, மழை குறைந்த இராமநாதபுரச் சீமையில் பிறந்த ஒருவர் நெல்லையே தம் வாழ்நாள் ஆய்வாகக் கொண்டமை வியப்பிற்குரியது. எனினும் மழை பொய்த்தால் என்ன நேரும் என்பதை அச்சீமையைவிடத் தெளிவாகக் கற்பிக்கும் பள்ளி வேறெதுவும் இருக்க முடியாது.

கோயம்புத்தூர் விவசாயக் கல்லூரியில் கற்றுத் தேறிய அவர், அந்நகரில் 1912இல் தொடங்கப்பெற்ற நெல் ஆராய்ச்சி நிலையத்தில் எப். ஆர். பார்னெல் என்ற ஆங்கிலேய அறிஞரின் கீழ் பணியாற்றத் தொடங்கினார். சென்னை மாகாணத்தின் வயல்களிலிருந்து திரட்டப்பட்ட நெல்வகைகளை வரிசை வரிசையாக நட்டு, ஒவ்வொரு செடியையும் தனித்தனியே பதிவுசெய்து, சிறந்தவற்றின் விதையை மட்டும் பிரித்தெடுத்துப் பெருக்குவது அங்கு நடைபெற்ற பணியாகும். மெண்டலின் பரம்பரை விதிகள் 1900இல் மீண்டும் வெளிச்சத்துக்கு வந்து சில ஆண்டுகளே கழிந்திருந்த காலம் அது. அவ்விதிகள் நெல்லுக்கும் பொருந்துமா என்று ஆராய்ந்து பார்னெலும் உடன் பணியாற்றியோரும் 1917இல் வெளியிட்ட ஆய்வில் இராமையாவின் பெயரும் இடம்பெற்றது. அப்போது அவருக்கு வயது 25.

1921இல் அந்நிலையம் ஜி.ஈ.பி. 24 என்ற நெல்லை வெளியிட்டது. கோணமணி என்ற நெற்பயிரிடையே தானாகத் தோன்றிய மாறுபட்ட செடியொன்றைக் கண்டு பிரித்தெடுத்ததன் விளைவு அது. மக்கள் அதனைக் கிச்சிலிச் சம்பா என்றழைத்தனர். ஆயிரம் செடிகளுக்கிடையே வேறுபட்டு நிற்கும் ஒன்றை அடையாளம் காணும் கண் இருந்தால் அதிலிருந்தே ஒரு புதிய இனம் பிறக்கலாம் என்பதை இளம் ஆய்வாளர்களுக்கு உணர்த்திய நிகழ்வு அதுவாகும். பின்னர் இராமையா கேம்பிரிட்ஜ் சென்று உயர்கல்வி பெற்றுத் திரும்பி, சென்னை மாகாணத்தின் நெல் ஆராய்ச்சிக்குப் பொறுப்பேற்றார்.

உயரமும் வயதும்

1933ஆம் ஆண்டு அவர் இரு ஆய்வுகளை வெளியிட்டார். ஒன்று நெற்பயிரின் உயரம் பரம்பரையாகக் கடத்தப்படும் முறையைப் பற்றியது. மற்றொன்று பூக்கும் காலம் கடத்தப்படும் முறையைப் பற்றியது. பொத்துவில் வயற்காரர் ஆண்டுதோறும் விடை தேடும் இரு கேள்விகளும் இவையே. எந்நெல் சாயாது நிற்கும்? எந்நெல் மழை முடியுமுன் முற்றும்?

இவ்விரண்டையும் விளங்கிக்கொள்ள நெற்தண்டு வளரும் முறையை அறிதல் வேண்டும். விதை முளைத்ததும் நாம் காணும் பசுந்தண்டு உண்மையில் தண்டன்று. இலையுறைகள் ஒன்றையொன்று சுற்றி நிற்கும் போலித் தண்டே அது. மெய்யான தண்டின் கணுக்கள் மண்ணை ஒட்டி நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கும். நான்கைந்து இலைகள் விரிந்த பின்னர் அக்கணுக்களிலிருந்து பக்கக் கிளைகள் வெடித்துப் பயிர் தூர் கட்டும். தண்டினுள்ளே கதிர்க்குருத்து தோன்றும் வேளையிலேயே மேற்கணுக்களின் இடைவெளிகள் நீண்டு பயிர் உயரத் தொடங்கும்.

வெப்பவலய நாடுகளில் கதிர்க்குருத்து தோன்றியதிலிருந்து கதிர் வெளிவருவதற்கு ஏறக்குறைய 30 முதல் 35 நாட்களும், அதிலிருந்து மணி முற்றுவதற்கு ஏறக்குறைய 30 நாட்களும் செல்லும். எந்த இனமாயினும் இவ்விரு காலங்களும் பெரிதாக வேறுபடுவதில்லை. ஆகவே மூன்று மாத நெல்லுக்கும் நாலரை மாத நெல்லுக்கும் உள்ள வேறுபாடு முழுவதும் முதற்கட்டமான தூர் கட்டும் பருவத்திலேயே அடங்கியுள்ளது. மூன்று மாத நெல்லுக்குத் தூர் கட்டக் கிடைப்பது ஒரு மாதமளவிலான காலமே. நாலரை மாத நெல்லுக்கு இரண்டு மாதங்களுக்கும் மேலாகக் கிடைக்கும். குறுகியகால நெல்லில் களை எடுக்கவும் பசளை இடவும் ஒரு வாரம் தாமதித்தால் இழப்பு பெரிதாவதற்கும், நீண்டகால நெல் தொடக்கத்தில் பட்ட குறையைத் தானே ஈடுசெய்துகொள்வதற்கும் காரணம் இதுவேயாகும்.

நம் முன்னோர் பயிரிட்ட ஐந்து, ஆறு மாத நெற்கள் பலவற்றுக்கு வேறொரு கணக்கு உண்டு. அவை பகலின் நீளத்தைப் பார்த்துப் பூப்பவை. பொத்துவில் நில நடுக்கோட்டிலிருந்து ஏழு பாகை அளவு தூரத்திலேயே உள்ளது. இங்கு ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையிலான வேறுபாடு ஒரு மணித்தியாலத்துக்கும் குறைவு. அச்சிறு வேறுபாட்டையும் அந்நெற்கள் உணர்ந்தன. முன்பின்னாக விதைத்தாலும் ஏறத்தாழ ஒரே காலத்தில் அவை கதிர் ஈன்றன. இக்காலத்து இனங்களோ பெரும்பாலும் நாட்கணக்கில் முற்றுபவை. எந்தப் போகத்திலும் விதைக்கத்தக்கவை.

இத்தகைய பண்புகளை ஊர்ப்பேச்சாக அன்றி, பெற்றோர் செடிகளிலும் அவற்றின் வழித்தோன்றல்களிலும் எண்ணி அளந்து கூறமுடியும் என்பதே இராமையா நிலைநாட்டிய முறையாகும். ஊடுகதிர் செலுத்தி நெல்லில் மாற்றங்களை உண்டாக்கும் ஆய்விலும் அவர் முன்னோடியாக விளங்கினார். பின்னர் இந்தோரில் பருத்தி ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்த காலத்திலும் நெல்லை அவர் மறக்கவில்லை. 1943இல் பி. எஸ். கடம் என்பவரோடு இணைந்து நெல்லின் பரம்பரை அலகுகளுக்குப் பொதுவான குறியீடுகளை வகுத்தளித்தார். ஒவ்வொரு நாட்டு ஆய்வாளரும் ஒரே பண்பை ஒவ்வொரு பெயரால் அழைத்து வந்த குழப்பத்தைத் தீர்க்க எடுக்கப்பட்ட முயற்சி அது.

பஞ்சத்தின் பின்

அதே 1943இல் வங்காளம் பெரும் பஞ்சத்தால் வாடியது. இலட்சக்கணக்கான மக்கள் பட்டினியாலும் நோயாலும் மடிந்தனர். முந்திய ஆண்டில் நெல்லைத் தாக்கிய நோயும், புயலும், போர்க்கால ஆட்சியின் தவறுகளும் ஒன்றுசேர்ந்து விளைவித்த பேரழிவு அது. அதன் பின்னரே நெல்லுக்கெனத் தனியான மத்திய ஆராய்ச்சி நிலையம் வேண்டும் என்ற எண்ணம் செயல்வடிவம் பெற்றது. 1946இல் ஒடிசாவின் கட்டாக் நகரில் நிறுவப்பட்ட அந்நிலையத்தின் முதல் பணிப்பாளராக இராமையா பொறுப்பேற்றார்.

அவர் முன்னிருந்த சிக்கல் தெளிவானது. தென்னாசியாவின் நெற்கள் உயரமானவை, இலை தழைத்தவை. நீர் பெருகினாலும் தலை தூக்கி நிற்கவும், களையை அடக்கவும், மாட்டுக்கு வைக்கோல் தரவும் அவ்வுயரம் உதவியது. ஆனால் பசளையிட்டால் அவை மேலும் உயர்ந்து, கதிர் கனத்ததும் சாய்ந்தன. யப்பானிய நெற்களோ குட்டையானவை, உறுதியான தண்டுடையவை, இட்ட பசளையை மணியாக மாற்றுபவை. எனினும் அவை நமது வெப்பத்துக்கும் நமது சோற்றுச் சுவைக்கும் ஒவ்வாதவை. இவ்விரண்டையும் கலந்து, நமது நெல்லுக்கு யப்பானிய நெல்லின் தண்டைப் பெற்றுத் தருவதே இராமையாவின் திட்டம். ஐக்கிய நாடுகள் உணவு விவசாய நிறுவனம் அதனை ஏற்றுக்கொள்ள, 1950களின் தொடக்கத்தில் ஆசிய நாடுகள் பலவற்றின் நெற்களைக் கொண்டு கட்டாக்கில் கலப்புப் பணி ஆரம்பமாயிற்று. இராமையா அந்நிறுவனத்தின் நெல் நிபுணராக பாங்கொக்கிலும் பணியாற்றினார்.

அப்பெருமுயற்சி எதிர்பார்த்த அளவுக்குப் பலிக்கவில்லை என்பதை மறைக்கத் தேவையில்லை. தூரத்து உறவினரான அவ்விரு நெல்லினங்களின் வழித்தோன்றல்களில் பல, மணி பிடிக்காத பதர்க் கதிர்களையே தந்தன. நூற்றுக்கணக்கான கலப்புகளிலிருந்து வயலுக்கு வந்தவை மிகச் சில. ஆனால் அச்சிலவும் சாதாரணமானவையல்ல. யப்பானிய நெல்லொன்றோடு கிச்சிலிச் சம்பாவைக் கலந்து பெறப்பட்ட ஏ.டி.ரி. 27, 1960களில் தஞ்சைக் குறுவை வயல்களில் பரவியது. மலேசியாவில் தேர்ந்தெடுக்கப்பட்ட மஷூரி, பங்களாதேசம் வரை பரவி, தமிழகத்தில் பொன்னி என்ற பெயரில் புகழ்பெற்றது. இன்று தென்னிந்தியாவில் விரும்பி உண்ணப்படும் சம்பா மஷூரியின் வமிசத்திலும் மஷூரியும் கிச்சிலிச் சம்பாவும் உள்ளன.

விடை வேறொரு திசையிலிருந்து வந்தது

இராமையா யப்பானிய நெல்லில் தேடிய குட்டைத் தண்டு, நமது நெல்லின் நெருங்கிய உறவினரிடமே இருந்தது. தாய்வானில் நெடுங்காலமாகப் பயிரிடப்பட்ட டீ-ஜியோ-வூ-ஜென் என்ற குட்டை நெல், கலப்பில் பதரை உண்டாக்கவில்லை. அதனை இந்தோனேசியாவின் உயர்ந்த பேட்டா நெல்லோடு 1962இல் பிலிப்பைன்ஸின் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார் கலந்தனர். இரண்டாம் தலைமுறையில் நான்கில் மூன்று செடிகள் உயரமாகவும் ஒன்று குட்டையாகவும் அமைந்தன. உயரத்தைக் குறைத்தது ஒரே ஒரு பரம்பரை அலகு என்பது அக்கணக்கிலிருந்தே புலப்பட்டது. அதன் பயனாக 1966இல் வெளிவந்த ஐ.ஆர். 8, ஏறக்குறைய ஒரு மீற்றர் உயரமே கொண்டிருந்தது. இராமையாவுக்கு அப்போது வயது 74. தாம் எண்ணிய வழியில் வெற்றி வராவிடினும், செடிகளை எண்ணி உயரத்தின் மரபைக் கண்டறியும் முறை அவர் தலைமுறையினர் வகுத்ததே என்பது நினைவுகூரத்தக்கது.

அவ்வலகு செய்யும் வேலை 2002இல் தெளிவாயிற்று. 1926இல் தாய்வானில் பணியாற்றிய யப்பானிய ஆய்வாளர் குரோசாவா, நெற்பயிரை அளவுமீறி நெட்டையாக்கிச் சாகடிக்கும் பூஞ்சண நோயை ஆராய்ந்து, அப்பூஞ்சணம் சுரக்கும் பொருளே அதற்குக் காரணம் எனக் கண்டார். ஜிபரலின் எனப் பின்னர் பெயர்பெற்ற அப்பொருளை நெற்பயிரும் தன் உடலில் சுரக்கின்றது. தண்டை நீட்டுவது அதுவே. குட்டை நெல்லில் அச்சுரப்பு குறைவு, அவ்வளவே வேறுபாடு. வெள்ளத்தோடு போட்டியிட்டு உயரும் ஆழநீர் நெல்லில் அதே அலகின் வேறொரு வடிவம் தண்டை விரைந்து நீட்டுவதாக 2018இல் கண்டறியப்பட்டது. ஒரே அலகு ஓரிடத்தில் குட்டையாக்கியும் வேறோரிடத்தில் நெட்டையாக்கியும் பயிரைக் காக்கின்றது.

இந்திய அரசு இராமையாவுக்கு 1957இல் பத்மஸ்ரீ விருதும் 1970இல் பத்மபூஷண் விருதும் வழங்கியது. 1968 முதல் 1974 வரை அவர் மாநிலங்கள் அவையின் நியமன உறுப்பினராகவும் இருந்தார். 1953இல் வெளிவந்த அவரது நெல் இனவிருத்தி நூல் ஒரு தலைமுறை ஆய்வாளருக்குப் பாடநூலாயிற்று. 96 ஆண்டுகள் வாழ்ந்து 1988இல் அவர் மறைந்தார்.

நமது வயல்களுக்குரிய பாடம்

இலங்கையும் இதே பாதையில் நடந்தது. முருங்கைக்காயன் என்ற நமது நெல்லையும் இந்தோனேசியாவின் மாஸ் நெல்லையும் கலந்து உருவாக்கப்பட்ட எச் 4, 1950களின் இறுதியில் வெளிவந்து நாட்டின் விளைச்சலை உயர்த்தியது. 1970 முதல் பத்தலகொடையிலிருந்து குட்டை இனங்கள் வந்தன. இன்று அம்பாறை மாவட்டத்தின் வயல்களில் நிற்பவை பெரும்பாலும் அக்குட்டை இனங்களின் வழிவந்தவையே. மாவட்டம் நாட்டின் நெற்களஞ்சியங்களுள் ஒன்றாக விளங்குவதில் அவற்றின் பங்கு பெரிது.

ஆயினும் குட்டைத் தண்டு ஓர் ஒப்பந்தத்தின் மேல் நிற்பது. போதிய நீரும், வேளைக்குப் பசளையும், அடக்கப்பட்ட களையும் கிடைத்தாலே அது தன் பங்கை நிறைவேற்றும். 2021இல் இரசாயனப் பசளை திடீரெனத் தடைசெய்யப்பட்டபோது அவ்வொப்பந்தம் ஒருதலையாக முறிந்தது. அவ்வாண்டு நவம்பரில் தடை தளர்த்தப்பட்டபோதிலும், தொடர்ந்து வந்த பெரும்போக விளைச்சல் பெரிதும் வீழ்ந்ததை நாடே கண்டது. மழைக்கு முன் புழுதியில் விதைக்கும் கண்டங்களில் இன்னொரு குறையும் உண்டு. விதைக்கும் மண்பரப்புக்கும் இடையே முளையைத் தூக்கிவிடும் இளந்தண்டு குட்டை இனங்களில் பொதுவாகக் குறுகியது. விதை ஆழத்தில் விழுந்தால் முளை வெளிவர இடர்ப்படும். உயர்ந்த பழைய நெற்களுக்கு அவ்விடர் குறைவு.

நமது பழைய நெற்கள் பயனற்றவை என்று தள்ளிவிடத்தக்கவையல்ல என்பதற்கு வேறு சான்றுகளும் உள்ளன. நீரில் மூழ்கினாலும் ஏறக்குறைய இரு வாரங்கள் வளர்ச்சியை அடக்கி உயிர் பிழைக்கும் பண்பு ஒடிசாவின் பழைய நெல்லொன்றில் உண்டு. அதற்குரிய அலகு 2006இல் அடையாளம் காணப்பட்டது. அத்தகைய தாங்குதிறன் கொண்டவையென உலக ஆய்வாளர் குறித்துவைத்த நெற்களுள், குற்கறுப்பன் என்ற நம் நாட்டுத் தமிழ்ப் பெயருடைய நெல்லும் ஒன்றாகும். 2011 தொடக்கத்தில் வெள்ளம் கிழக்கின் பயிர்களை மூழ்கடித்ததைக் கண்ட நமக்கு இதன் பெறுமதி புரியும். 2004இல் ஆழிப்பேரலை கரையோர வயல்களில் உப்பைப் படியவிட்டுச் சென்ற பின்னர் நாடப்பட்ட அத் 354 என்ற இனத்துக்கு உப்பைத் தாங்கும் வலிமையை அளித்தது கேரளத்தின் உயர்ந்த பொக்காளி நெல்லாகும். வேகமாக ஓங்கி வளர்வதால் உடலில் சேரும் உப்பின் செறிவைக் குறைத்துக்கொள்வது அந்நெல்லின் உத்திகளுள் ஒன்று. ஓரிடத்தில் குறையாகக் கருதப்பட்ட உயரம் வேறோரிடத்தில் கேடயமாகின்றது.

உயர்ந்த நெல் தாழ்ந்ததுமன்று, குட்டை நெல் மேலானதுமன்று. எந்த நீருக்கு, எந்த மண்ணுக்கு, எந்தக் கைக்கு என்பதே கேள்வி. இராமையாவின் வாழ்நாள் உழைப்பு இதனையே கூறுகின்றது. வாய்க்கால் நீர் பாயும் வயலுக்குப் பொருந்திய சிபாரிசை வானம் பார்த்த பொத்துவில் வயலுக்கும் அப்படியே வழங்குவது அறிவியலுமாகாது, நீதியுமாகாது. எந்த இனம் எத்தனை நாளில் தூர் கட்டியது, எப்போது கதிர் ஈன்றது, எவ்வளவு உயர்ந்தது, எந்த மழைக்குச் சாய்ந்தது என்பதை ஒவ்வொரு கண்டத்திலும் போகந்தோறும் எழுதிவைக்க நமது விவசாய அமைப்புகளால் முடியும். பாடசாலை மாணவர்களையும் அப்பணியில் ஈடுபடுத்தலாம். அதற்குப் பெரும் பணம் தேவையில்லை. ஓர் அளவுகோலும் ஒரு கொப்பியும் போதும். வீட்டு மூலையில் எஞ்சியிருக்கும் பழைய விதைநெல்லையும் அதனோடு சேர்த்து நட்டுப் பார்க்கலாம். விவசாயத் திணைக்களம் அப்பதிவுகளைக் கேட்டுப் பெற்று, மானாவாரி நிலத்துக்கென இனங்களைத் தெரிவுசெய்ய முன்வரவேண்டும். நூறாண்டுகளுக்கு முன் கோயம்புத்தூரில் ஓர் இளைஞர் தொடங்கிய பணி அதுவே. அதன் அடுத்த வரிசை பொத்துவிலில் நடப்படுமாயின், கீழக்கரையில் பிறந்த அம்மனிதருக்கு இக்கரை செலுத்தும் பொருத்தமான நன்றிக்கடன் அதுவாகவே அமையும்.